சிகிச்சைக் காலத்தில் நடமாட்டம்: யாழ். குடாநாட்டிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் முதலில் இடம் மாறுவது கட்டில். அறைக்குள் கிடந்தது விறாந்தைக்கு வரும்; காற்றும் படும், பார்க்க வருகிறவர்களுக்கும் வசதி. அடுத்ததாக விளக்குமாறு கையிலிருந்து பறிபோகும். “அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் எழும்பாதேங்கோ, நான் செய்யிறன்” என்பாள் மகள். தேத்தண்ணி கட்டிலடிக்கே வரும். சொந்தக்காரர் நெஸ்ரமோல்ட் பேணியும் அப்பிளும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நல்லா ரெஸ்ற் எடுங்கோ” என்று சொல்லிப் போவார்கள். இந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மூன்றாவது, நான்காவது கீமோ முடியும்போது அந்த அம்மாவுக்குக் கதிரையின் கையைப் பிடிக்காமல் எழும்ப ஏலாமல் போகிறது. “மருந்து ஆளைப் போட்டிட்டுது” என்கிறார்கள். மருந்துக்கு அதில் பங்கு உண்டுதான். கட்டிலுக்கும் உண்டு.

குடாநாட்டில் புற்றுநோயாளரோடும் அவர்களது வீட்டாரோடும் வேலை செய்யும் இச்சங்கம் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாக வைக்கிறது. சிகிச்சை நடக்கும் காலத்தில், தடையொன்று இருப்பதாக வைத்தியர் சொல்லாதவரை, நோயாளர் தம்மால் இயன்ற அளவு நடமாட வேண்டும். சிறிதளவேனும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். எது, எவ்வளவு என்பதை வைத்தியரும் இயன்மருத்துவரும் நோயாளரோடு பேசித் தீர்மானித்து, குளிசையின் அளவை எழுதுவதுபோலக் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். ‘ஓய்வெடுங்கோ’ என்ற ஒரு சொல்லை எல்லாருக்கும் பொதுவான புத்திமதியாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

இது சங்கத்தின் சொந்த யோசனை அல்ல. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2010இலேயே புற்றுநோயாளர் சும்மா இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிவிட்டது. அவுஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2018இல் ஒரு படி மேலே போய், உடற்பயிற்சியைச் சிகிச்சையின் வழமையான பகுதியாக்க வேண்டும், நோயாளரைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவ அலுவலரும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றது. 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம், குணப்படுத்தும் நோக்கோடு சிகிச்சை பெறுவோருக்கு நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகளையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் சிகிச்சைக் காலத்திலேயே பரிந்துரைக்க வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. களைப்பு, மனச்சோர்வு, பதகளிப்பு குறைவதும் உடலின் இயக்கத் திறன் கூடுவதும் மீண்டும் மீண்டும் ஆய்வுகளில் தெரிந்ததுதான் இவற்றின் அடிப்படை.

களைப்பு என்ற சொல்லில்தான் வீட்டாருக்குத் தடுமாற்றம். தோட்டத்தில் நாள் முழுக்க இறைத்தவரின் களைப்பு ஓர் இரவு நித்திரையில் தீரும். புற்றுநோய்க் களைப்பு அப்படியல்ல. எட்டு மணிநேரம் படுத்து எழும்பினாலும் அது அப்படியே இருக்கும். அதைத் தீர்க்க இன்னும் படுத்தால் தசை கரையும், இதயத்தின் தாங்குதிறன் குறையும், நேற்றுவரை இலேசாக இருந்த வேலையே இன்று மலையாகும், அதனால் இன்னும் படுக்கத் தோன்றும். இந்தச் சுற்றை உடைக்க இதுவரை கண்ட வழிகளில் நம்பத்தக்கது அளவான உடற்பயிற்சிதான். களைத்தவரை நடக்கச் சொல்வது கேட்பதற்கு இரக்கமற்றதாகத் தெரியும். ஆய்வுகள் சொல்வது அதைத்தான்.

தசை என்றதும் இளைஞர்களின் ஜிம் நினைவுக்கு வருவது இயல்பு. குடாநாட்டில் அதன் முக்கியம் வேறிடத்தில் இருக்கிறது. இங்கு பல வீடுகளில் இன்னும் குந்தியிருக்கும் மலசலகூடம்தான். சிலவற்றில் அது பின்வளவில் தனியாக நிற்கும். தொடைத் தசை வற்றிய ஒருவர் அங்கே குந்தினால் எழும்ப மாட்டார். பிறகு மகனோ மருமகளோ உள்ளே வந்து தூக்க வேண்டும். கீமோவைவிட இந்த வெட்கம்தான் பெரிய வேதனை என்று சொல்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். இதற்கான பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம். சுவரோடு சேர்த்து வைத்த, கையில்லாத கதிரை ஒன்று போதும். கையூன்றாமல் எழும்பி, மெல்ல இருந்து, மறுபடி எழும்ப வேண்டும். முதல் கிழமை ஐந்து முறை, முடிந்தால் அடுத்த கிழமை எட்டு. சோறு கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியபின் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். இந்த வீக்கத்துக்குப் பயந்து “அந்தக் கையால் ஒரு செம்பும் தூக்காதேங்கோ” என்பது ஊர் வழக்கு. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தது. 1996இல் கனடாவின் வன்கூவர் நகரில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்பு வலிக்கவைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அது சிறு முயற்சி. 2009இல் அமெரிக்காவில் கத்ரின் ஷ்மிற்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பெரியது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை ஓராண்டு தொடர்ந்தார்கள். கிழமைக்கு இருமுறை பாரம் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. தூக்காதவர்களோடு ஒப்பிட்டால், வீக்கம் திடீரென மோசமாகும் தொல்லை அவர்களிடம் பாதியளவுதான். அந்தப் பெண்கள் மிகச் சிறிய பாரத்தில் தொடங்கினார்கள், கைக்கு அழுத்த உறை போட்டார்கள், பயிற்றுநர் பார்த்திருக்க மெல்ல மெல்லக் கூட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிணற்றில் வாளி நிறைய அள்ளித் தொடங்கு என்று யாரும் இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. அரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் அரைக் கிலோ. தொடக்கத்துக்கு அது காணும்.

ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் செய்த வேலை. இவர்களுக்குத் தேவையான பயிற்சியைப் பற்றி அனேகமாக யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது உடற்பயிற்சியாகவே தோன்றாது. வாய்க்கும் கழுத்துக்கும் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும்போது தாடைத் தசைகள் இறுகி, நாளடைவில் வாய் திறப்பது குறையும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிந்தவர் சில மாதங்களில் ஒரு விரலோடு நின்றுவிடலாம். பிறகு குழையல் சோறும் இறங்காது, பல் வைத்தியருக்கும் உள்ளே பார்க்க முடியாது. கதிர் தொடங்கும் முன்பே வாயை மெல்லத் திறந்து பிடிக்கும் பயிற்சியைப் பழகி, நாளொன்றுக்குப் பலமுறை தொடர்ந்தால் இந்த இறுக்கத்தைக் குறைக்க முடியும். கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின் தோள் சரிவதும் இதே கதைதான். சங்கம் ‘உடற்பயிற்சி’ என்று சொல்லும்போது இவற்றையும் சேர்த்தே சொல்கிறது.

வெயிலைக் கணக்கில் எடுக்காத எந்த அறிவுரையும் யாழ்ப்பாணத்துக்கு ஒத்துவராது. பத்து மணிக்குப் பின் தார் றோட்டில் நடக்கச் சொல்வது வாந்தியும் வயிற்றோட்டமும் கண்ட உடலுக்குத் தண்டனை. விடியற்காலையும் பின்னேரமும்தான் நேரம். அப்போது ஒழுங்கையில் நாய்கள் நிற்கும். வெண்குழியம் குறைந்திருக்கும் நாட்களில் நாய்க்கடி சின்ன விசயமல்ல. முடி கொட்டிய தலையோடு படலைக்கு வெளியே போக விரும்பாத பெண்களும் பலர். பெண்பிள்ளை கலியாணத்துக்கு இருக்கும் வீடென்றால் வருத்தத்தையே வெளியில் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு ‘பார்க்கில் நடவுங்கள்’ என்ற வெளிநாட்டுத் துண்டுப்பிரசுரம் எதற்கு? நல்ல வேளையாக நம் வீடுகளுக்கு வளவு இருக்கிறது. வேலிக்குள்ளே, வேம்பின் நிழலில், செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வரலாம். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடந்தாலும் அரை மணி ஆகிறது. விரும்புகிறவர்கள் கோயில் வீதியைச் சுற்றட்டும். நல்லூரில் விடியப்புறம் அப்படி நடப்பவர்கள் ஏராளம். திருவிழாக் கூட்டத்துக்குள் மட்டும் கீமோ நாட்களில் போக வேண்டாம்.

எப்போது நடக்கக் கூடாது என்பதிலும் சங்கத்துக்குத் தயக்கமில்லை. கீமோ பெறுபவருக்கு 100.4 பாகை பரனைற் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் பயிற்சி, பரசிற்றமோல், கைவைத்தியம் எதுவும் இல்லை, உடனே வைத்தியசாலை. நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், தலைச்சுற்று, ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது ஆகியவையும் அப்படியே. எலும்புக்கு நோய் பரவியிருந்தால் எந்த எலும்பு என்று தெரியாமல் குனிவதோ முறுக்குவதோ பாரம் தூக்குவதோ ஆபத்து. பிளேற்லெட் மிகக் குறைந்திருந்தால் விழ நேரக்கூடிய எந்த வேலையும் வேண்டாம். சில கீமோ மருந்துகள் பாதத்தை விறைக்கச் செய்யும். அப்படியானவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு, சுவரோரமாக நடப்பது நல்லது. இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து பெறுபவர்கள் வேகத்தைக் கூட்டும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. நடந்தால் புற்றுநோய் மாறும் என்று சங்கம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சிகிச்சையை நிறுத்தச் செய்கிறவர்களைச் சங்கம் எதிர்க்கிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வு இப்போது பலராலும் பேசப்படுகிறது. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர் அதில் சேர்ந்தார்கள், பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும். மூன்று ஆண்டுகள் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டுகளின் பின் நூற்றுக்கு 90 பேர் உயிரோடிருந்தார்கள். சுகாதார அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 83 பேர். பெரிய சேதிதான். ஆனால் அது ஒரு வகைப் புற்றுநோய், சிகிச்சை முடிந்த பின், கீமோவுக்கு மேலதிகமாகச் செய்தது. அதில் பயிற்சி செய்தவர்களுக்குத் தசை, மூட்டு நோக்கள் மற்றவர்களைவிட அதிகம் வந்தன. இதை எடுத்துக்கொண்டு, நோய் திரும்பியவரைப் பார்த்து “நீர் நடக்கேல்லை, அதுதான்” என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

குடாநாட்டில் இந்தப் பேச்சு எடுபடுவதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 2011 யூலையில் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்து பருத்தித்துறையை அடைந்தது. ‘ட்ரெயில்’ என்ற அந்த நடையை நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் முன்னின்று நடத்தினார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். அதில் திரண்ட பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. 2016இல் எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் சேர்த்தார்கள். நடையால் எழுந்த வைத்தியசாலைக்கு வரும் நோயாளரிடம் நடையைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குவது பொருத்தமாகத்தானே இருக்கும்?

நேரம்தான் சிக்கல் என்பது சங்கத்துக்குத் தெரியும். கிளினிக் நாளில் வாங்குகள் நிரம்பி வழிய, ஒரு வைத்தியர் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கொடுக்க முடியும். ஆகவே கேட்பதும் சிறிதுதான். புற்றுநோய்க் கிளினிக் நடக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் இயன்மருத்துவர் அங்கே இருக்க வேண்டும். முதல் கீமோவுக்கு முன் ஒவ்வொருவரும் அவரைச் சந்திக்க வேண்டும். கொப்பியில் மூன்று விசயம் எழுதப்பட வேண்டும்: செய்யக்கூடியது, செய்யக்கூடாதது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது. சுகாதார அமைச்சு இதற்கான ஆளணியை ஒதுக்க வேண்டும். யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடம் மாணவர்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும். கூட வரும் மகளையோ மகனையோ அந்தச் சந்திப்பில் இருத்துவது கட்டாயம், ஏனென்றால் விளக்குமாற்றைப் பறிப்பவர் அவர்தான்.

குணமாக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நிமிடக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஒருவர் முற்றத்துக் கதிரையில் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்படலாம். இன்னொருவர் வேண்டாம் என்னலாம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தும் முன், அவருக்குத் தரும் வலி மருந்து போதுமா என்று கேட்பதே வீட்டாரின் வேலை.

தீவுப்பகுதி நோயாளரை இந்த அறிக்கை தனியாகக் குறிப்பிடுகிறது. நெடுந்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு வருகிறவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் வந்து, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, கிளினிக் முடிந்து கடைசிப் படகுக்குத் திரும்ப ஓட வேண்டும். பயிற்சிக்காகத் தனியே இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர் வரமாட்டார். அவருக்குக் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் அந்த மணிநேரங்களிலேயே கட்டிலருகில் வந்து பயிற்சியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இடைப்பட்ட கிழமைகளில் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். தீவிலுள்ள வைத்தியசாலையின் தாதியருக்கு அந்தக் கொப்பியின் ஒரு பிரதி போய்ச்சேர வேண்டும்.