பூமிக்கடியில் தண்ணீர் யாருக்குப் பாத்தியதை?

பண்ணையார் கிணற்றில் பம்புசெட்டு இரவு பகலாக ஓடினால் சேரிக் கிணறு வறண்டு போகும். இது நமது விவசாயத் தொழிலாளர்களுக்குத் தெரியாததல்ல. கேட்டால், "என் நிலம், என் தண்ணீர்" என்பார். கோர்ட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய அதே பதில்தான். நிலத்துக்கடியில் ஊறும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரனுக்கு உரிமையுண்டு என்கிறது 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம். நிலமற்றவனைப் பற்றி அந்த விதியில் பேச்சேயில்லை.

அமெரிக்காவிலும் இதே வியாஜ்யம்தான். ஒருபுறம் நிலச்சுவான்தார்கள், மறுபுறம் மண்ணின் பூர்வகுடிகளான செவ்விந்தியர்.

பூர்வகுடிகளின் மத்தியில் நிலச்சுவான்தார் எப்படி முளைத்தார்? 1887-ல் ஒரு சட்டம் வந்தது. கூட்டாக அனுபவித்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு, "மிச்சம்" என்று சொல்லி வெள்ளையருக்கு விற்றார்கள். 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த பழங்குடி நிலம், 1934-க்குள் 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகச் சுருங்கியது. கொள்ளைக்குச் சட்டம் என்று பெயர்!

மோன்டானாவில் மில்க் நதி நீரை மேற்பகுதிக் குடியேறிகள் மறித்துக்கொண்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பழங்குடிகளுக்கு நிலம் ஒதுக்கியபோதே அதற்கு வேண்டிய நீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று 1908-ல் தீர்ப்பாயிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆற்று நீர். கிணற்று நீர்?

1976-ல் நெவாடாவில் ஒரு பெரும் பண்ணையின் பம்புகளைக் கோர்ட் கட்டுப்படுத்தியது. சர்க்கார் பாதுகாத்த குகைக் குளத்தில் நீர் இறங்கி, அபூர்வ மீன்கள் அழியும் நிலை வந்ததே காரணம். மீனைக் காத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மனிதருக்கு நியாயம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. நிலத்தடி நீருக்கு அந்த உரிமை செல்லாது என்று வயோமிங் மாநில சுப்ரீம் கோர்ட் 1988-ல் கூறியது. செல்லும் என்று அரிசோனா 1999-ல் கூறியது.

கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு ஒரு பாலைவனம். அங்கே சீமான்கள் பந்தடிக்கும் கோல்ப் புல்வெளிகள் மட்டும் நூற்றுக்கு மேல்! அங்குள்ள அகுவா கலியென்டே பழங்குடியினர் 2013-ல் இரண்டு தண்ணீர் வாரியங்கள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நிலத்தடி நீரிலும் அவர்களுக்கு உரிமையுண்டு என்று 2017 மார்ச்சில் அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது. வாரியங்களின் மனுவை ஏற்க சுப்ரீம் கோர்ட் மறுத்தது. அந்தப் பழங்குடியினருக்குச் சூதாட்ட விடுதிகள் உண்டே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். விடுதி வைத்திருப்பவன் கிணற்றைப் பறிகொடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஆனால் எத்தனை நீர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நவஹோ மக்களுக்கு நேர்ந்ததும் இதுபோன்றதே. தங்கள் தண்ணீர்த் தேவையைக் கணக்கிட்டு, அதை நிறைவேற்ற வழி காணுங்கள் என்று அவர்கள் சர்க்காரைக் கேட்டார்கள். சர்க்கார் அப்படி முயற்சி எடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. ஐந்து நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். வழக்கு நடந்த காலத்தில் நவஹோ வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பல மைல் தூரம் போய்ப் பீப்பாயில் பிடித்து வந்துதான் குடித்தார்கள்.