பீரோவில் பூட்டிய கைப்பேசி



சென்ற ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளின் கைப்பேசியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலும். “மகனுடையது?” என்றேன். “அவன் ஆம்பளப் பிள்ளைதானே ஹஜ்ரத்!”

இதைத்தான் நாம் பேணுதல் என்று அழைக்கிறோம்.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடங்களோடு கியூஆர் குறியீடும் அச்சிடப்பட்டுள்ளது. கைப்பேசியில் காட்டினால் விளக்கக் காணொளி திறக்கும். அந்தப் பெண்ணுக்கோ அது வெறும் கறுப்புக் கட்டம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப்தான் வகுப்பறை ஆனது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் பட்டாசுக் குழாய் உருட்ட உட்கார்ந்ததை நம் தெருக்களில் நாமே கண்டோம். பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நம் சிவகாசி தொடர்பான வழக்கில்தான். அவ்வளவு போராடிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகள் அவர்கள்.

கைப்பேசியில் ஃபித்னா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. பட்டாசு ஆலை வாயிலிலும் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு பொறி போதும், அது நியாயம். ஆனால் மருந்து ஆபத்தானது என்பதற்காக நம் ஊர் தொழிலையே பூட்டிவிட்டதா? ஃபோர்மேனுக்குப் பயிற்சி கொடுத்து, எதை எதனோடு கலக்கக் கூடாது என்று கற்பித்தல்லவா உள்ளே அனுப்புகிறது?

கருவியை மட்டும் கொடுத்தாலும் போதாது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி பல வீடுகளில் சினிமாப் பெட்டியாகவே முடிந்தது. கற்பிக்க ஆள் இல்லை.

கற்பிக்க வேண்டியது நமக்குப் புதிதும் அல்ல. ஒரே ஒரு ஹதீஸை அறிந்தவரிடமே நேரில் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்தார்கள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நம்பத் தகுந்தவரா என்று துருவிய சமூகம் இது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நாமோ “நாற்பது பேருக்கு அனுப்புங்கள், நற்செய்தி வரும்” என்பதையும் அனுப்புகிறோம். தொற்றுக் காலத்தில் பழைய காணொளிகளைக் காட்டி நம்மீது பழி சுமத்தியபோது எவ்வளவு துடித்தோம்! அதே வேலையை, பிறரைப் பற்றி, நம் குடும்பக் குழுக்களில் நாமே செய்கிறோம். செய்பவர்கள் பிள்ளைகள் அல்லர், தாடி நரைத்தவர்கள்.

நானும் விலக்கல்ல. ரஜப் மாதச் சிறப்பு என்று வந்த ஒரு ‘ஹதீஸை’ மக்தப் குழுவில் பகிர்ந்தேன். பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, “ஹஜ்ரத், இது எந்தக் கிதாபில் இருக்கிறது?” என்று கேட்டாள். தேடினேன், கிடைக்கவில்லை. அழித்துவிட்டு, தவறு என்னுடையது என்று அதே குழுவில் எழுதினேன். சில பெற்றோருக்கு அவள் கேட்டது பிடிக்கவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, அது வேறு.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். பிள்ளைகள் வீட்டுக்கு வந்த ஒரு தகவலைக் கொண்டுவர வேண்டும். முதலில் சொன்னவர் யார்? படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது? இதை நான் நம்புவதால் யாருக்கு லாபம்? கரும்பலகையில் சங்கிலி வரைகிறோம். பெரும்பாலும் இரண்டாம் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மினாராவுக்கு வண்ண விளக்கு அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம். மேல்மாடி அறையில் நான்கு கணினிகள் வையுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

அந்தத் தந்தையிடம், மகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புமாறு கேட்டேன். அனுப்பினார். தம்பிக்கு வந்த ஒரு தகவலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கைப்பேசி இன்னும் பீரோவில்தான் இருக்கிறதாம்.