மோட்டார் எரிவது நம் தலைவிதியா? ஓவர் லோடு ஏற்றியவர் யார்?

விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளர்களே! விருத்தாசலம் வட்டப் பொதுமக்களே!

காயில் கட்டுகிற கடை வாசலில் பாருங்கள். வரிசையாகக் கிடப்பது நம்ம மோட்டார்தான். ஏன் எரிந்தது என்று கேட்டால் ஒரே பதில், "ஓவர் லோடு". அதிகாரியைக் கேட்டாலும் அதே பதில். கூடவே ஒரு குத்தல்: "உங்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரியல."

ஓவர் லோடு என்பது உண்மைதான். அந்த லோடை ஏற்றியது யார் என்பதுதான் நம் கேள்வி.

முதல் சுமை: ஆழம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீரை 100 அடியிலிருந்து தூக்க, பம்பு தன் சக்தியில் பாதியைத் தண்ணீராகத் தருகிறது என்று வைத்தால், 4 எச்.பி. வேண்டும். அதே தண்ணீர் 200 அடிக்குப் போனால் 8 எச்.பி. 300 அடிக்குப் போனால் 12 எச்.பி. பயிரும் அதேதான், பாய்ச்சலும் அதேதான். சுமை மட்டும் மூன்று மடங்கு!

பழைய 5 எச்.பி. மோட்டாரையே வைத்திருந்தால் தண்ணீர் நூலாக வரும், நாலு மணி நேரப் பாய்ச்சல் எட்டு மணி நேரம் ஆகும். பம்பு தள்ளும் அழுத்தம் கூடக்கூட, அதன் எதிர்ப்பாரம் மோட்டாரின் அடியில் இருக்கும் திரஸ்ட் பேரிங்கில் இறங்கும். பேரிங் தேய்ந்தால் மோட்டார் இறுகும், காயில் போகும். சரி, பெரிய மோட்டார் இறக்கலாம் என்றால் "அனுமதிக்கு மேல் லோடு" என்று நம்மையே குற்றவாளி ஆக்குவார்கள்!

தண்ணீர் ஏன் கீழே போனது? நெய்வேலி பக்கம் ஒரு காலத்தில் போர் போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர்த்தட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அதை இறக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் புகுந்துவிடும். அதனால் 1956-ல் தொடங்கிய அந்த மத்திய அரசு நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா, ராட்சத பம்புகளை வைத்து அந்தத் தண்ணீரை இறைத்து வருகிறது.

ஒரு கிலோ அழுத்தம் என்பது 33 அடித் தண்ணீர். 6 கிலோ என்றால் சுமார் 200 அடி, 8 கிலோ என்றால் சுமார் 260 அடி. பூமி இலவசமாகத் தூக்கிக் கொடுத்த உயரம் அது! சுரங்கத் தரையிலிருந்து இறக்கிய சுமை காற்றில் கரையவில்லை. அதே நீர்த்தட்டில் போர் போட்ட விவசாயியின் மோட்டார் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சுரங்கத் தரையின் பாரத்துக்கு இரவு பகலாகக் கணக்குப் போட பொறியாளர்கள் உண்டு. நம் மோட்டாரின் பாரத்துக்குக் கணக்குப் போட ஒருவராவது உண்டா?

இரண்டாவது சுமை: வோல்டேஜ்

மூன்று பேஸ் மின்சாரம் 415 வோல்ட் இருக்க வேண்டும். 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 390-க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டரில் 332 காட்டினால் என்ன ஆகும்? மோட்டாரின் இழுவை 64 சதவீதமாகிவிடும். அதே பாரத்தைத் தூக்க ஆம்பியர் கால் பங்கு ஏறும். காயிலில் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். வார்னிஷ் கருகாமல் என்ன செய்யும்?

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது? 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 கே.வி.ஏ. வேண்டும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பத்து மோட்டாரைத் தாங்கும். அதில் இருபது மோட்டாரைக் கட்டினால்? கரண்ட் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். போகாமலிருக்கக் கம்பியைத் தடிமனாகச் சுற்றுவார்கள். அப்புறம் எரிய மிச்சமிருப்பது நம் காயில்தான்!

இது பீங்கான் ஊர். பீங்கானை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும் என்று இங்கே சூளையில் வேலை செய்கிறவருக்குத் தெரியும். எந்தச் சாமானுக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. அளவை மீறி ஏற்றிவிட்டுச் சாமானைக் குறை சொல்வது என்ன நியாயம்?

"இலவச மின்சாரத்துக்குத் தரம் வேறயா?" என்பார்கள். 1970களில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்துப் போராடி, 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பெற்ற உரிமை அது. காயில் கட்டும் கூலி, கிரேன் வாடகை, காய்ந்த பயிர், இதில் எது இலவசம்?

"நீங்களும்தானே தண்ணீரை உறிஞ்சுகிறீர்கள்?" என்பார்கள். நாம் இறைப்பது நெல்லாகவும் கரும்பாகவும் ஊருக்குத் திரும்புகிறது. சுரங்கம் இறைப்பதற்குக் கணக்கு எங்கே?

அரசே! மின்சாரத் துறையே!

1. டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றிலும் எத்தனை மோட்டார், எத்தனை எச்.பி. என்று கணக்கெடுத்துப் பலகையில் எழுது! தாங்காத இடத்தில் கூடுதல் டிரான்ஸ்பார்மர் வை!

2. மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடு! 390 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடு!

3. நீர்மட்டம் இறங்கிய ஊர்களில் கூடுதல் எச்.பி.க்கு அபராதமின்றி அனுமதி கொடு!

4. சுரங்கம் இறைக்கும் தண்ணீரின் அளவையும் சுற்றுக் கிராமங்களின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு! இறங்கிய ஆழத்துக்கு இழப்பீடு கொடு!

விவசாயிகளே! இன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், போரில் தண்ணீர் நிற்கும் அடி, எல்லாவற்றையும் எழுதுங்கள். காயில் கட்டிய ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். அழுதுகொண்டு போனால் "பார்க்கலாம்" என்பார்கள். நூறு நோட்டோடு போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்!

சுமை ஏற்றியவனே இறக்க வேண்டும்! இறக்கும் வரை ஓயமாட்டோம்!

நோட்டோடு வாரீர்! திரண்டு வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
விருத்தாசலம் வட்டம்.