முதல் கீமோவுக்கு முன்பே கூடுவோம்

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருப்பதாக சி.டி. அறிக்கை வந்ததுமே, ‘நான்காம் நிலை, கீமோ மட்டும்’ என்று பல நோயாளிகளின் பாதை முடிவாகிவிடுகிறது. கல்லீரல் அறுவை நிபுணர் படத்தைப் பார்ப்பதற்குள் பல சுற்று மருந்து ஏறிவிடும். அதற்குள் கல்லீரலும் மாறிவிடுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் நுண்குழல்களைச் சிதைத்து அதை நீலம் பாரிக்க வைக்கிறது. ஐரினோடெக்கான் கொழுப்பழற்சியைத் தருகிறது. சிறு கட்டிகள் படத்திலிருந்து மறைவதும் குணமல்ல. 2006இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், சி.டி.யில் மறைந்த 66 கட்டிகளில் 55இன் இடத்தில் நோய் எஞ்சியிருந்தது அல்லது திரும்ப வந்தது. எனவே முதல் சுற்றுக்கு முன்பே பல துறை நிபுணர்கள் அடங்கிய டியூமர் போர்டு கூடி, இரு உறுப்புகளையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

தனித்தனியே என்று வலியுறுத்தக் காரணம், சான்றுகள் இரண்டுக்கும் ஒன்றல்ல. வெட்டி எடுக்க முடியாத கல்லீரல் கட்டிகளைக் கீமோவுடன் ரேடியோ அலையால் சுட்டழித்த கிளாக் ஆய்வில், எட்டாண்டு உயிர்வாழ்வு 35.9 விழுக்காடு, கீமோ மட்டும் பெற்றவர்களில் 8.9. நுரையீரலிலோ, போதிய நோயாளிகள் சேராமல் பாதியில் நின்ற பல்மிக் ஆய்வு, அறுவையால் ஆயுள் கூடியதாகக் காட்டவில்லை. அறுவையின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களும் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் வாழ்ந்தனர். ஆகவே மெதுவாக வளரும் சில நுரையீரல் முடிச்சுகள் கல்லீரல் சிகிச்சைக்குக் கதவடைக்கக் கூடாது. அவற்றை வெட்டியே தீர வேண்டும் என்ற அவசரமும் கூடாது.

கிளாக் ஆய்வில் கல்லீரலுக்கு வெளியே நோய் பரவியவர்கள் இல்லையே என்பது நியாயமான மறுப்பு. அந்த எண்களை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடியாது. அதனால்தான் நுரையீரல் நோயின் வேகத்தைக் கீமோ காலத்தில் அளந்து, அது அடங்கியிருப்பவர்களுக்கு மட்டும் கல்லீரலில் கைவைக்க வேண்டும் என்கிறோம். கூட்டத்துக்குக் காத்திருந்தால் நோய் முற்றுமே என்பது அடுத்த மறுப்பு. கட்டியின் ராஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ. மரபணுச் சோதனை முடிவுகளுக்கு எப்படியும் காத்திருக்கிறோம், எம்.எஸ்.ஐ. மிகுந்திருந்தால் கீமோவுக்குப் பதில் பெம்ப்ரோலிசுமாப் முதல் மருந்தாகலாம். அந்த நாட்களிலேயே கூட்டத்தை முடித்துவிடலாம். குடலடைப்பு போன்ற அவசரங்கள் மட்டுமே விதிவிலக்கு.

சிறிய மருத்துவமனைகளில் இதற்கு நிபுணர்கள் ஏது? ஃபின்லாந்தின் ராக்ஸோ ஆய்வில் நாடெங்கிலுமிருந்து படங்கள் ஹெல்சிங்கிக்கு வந்தன. உள்ளூரில் முடியாது எனப்பட்டவர்களில் சிலரை மையக் குழு அறுவைக்கு உகந்தவர்களாகக் கண்டது. படத்தை அனுப்பும் வசதி நம்மிடமும் உண்டு. கல்லீரல் அறுவை நிபுணரின் கருத்து பதிவாகாத கேஸ் ஷீட்டில் ‘கீமோ மட்டும்’ என்று எழுதுவதில்லை என்பதை ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவும் விதியாக்கட்டும்.