இரண்டு இலக்கத்துக்குள் அடங்காத இயற்கணிதம்

இந்திய ஒலிம்பியாட் கணிதத் தகுதித் தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் எங்கும் ஒரே கேள்விதான் ஒலிக்கிறது: ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ எந்தக் கணக்கு அழகாக இருந்தது, எதற்கு இரண்டு வழிகள் உண்டு, எந்த வழி எங்கே முறிந்தது என்று கேட்பார் இல்லை. பயிற்சி மையங்கள் தேர்ச்சி பெற்றோரின் படங்களை வரிசையாக அடுக்கி விளம்பரம் செய்கின்றன. இந்த நிலைக்குப் பெற்றோரின் பேராசையும் பயிற்சி மையங்களின் வணிகமுமே காரணம் என்று கல்வியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். அது வசதியான பாதி உண்மை. மீதிப் பாதி வினாத்தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த அமைப்பை வகுத்தவர்கள் வணிகர்கள் அல்லர், கல்வியாளர்களே.

அமைப்பு எளியது. 3 மணி நேரம், 30 வினாக்கள், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஒரு முழு எண். மாணவர் செய்ய வேண்டியது ஓ.எம்.ஆர். தாளில் இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்குவது மட்டுமே. ஒரு கணக்குக்குச் சராசரியாக 6 நிமிடம். விடை இயல்பாக ஒரு பின்னமாக வந்தால், தொகுதியையும் பகுதியையும் கூட்டிச் சொல்லுமாறு வினா தன்னைத் திருத்திக்கொள்கிறது. விடை பெரிய எண்ணானால், 100ஆல் வகுத்தால் வரும் மீதி கேட்கப்படுகிறது. கணக்கு தன் இயல்பான உருவத்தை இழந்து, வட்டத்தின் அளவுக்கு வெட்டப்படுகிறது.

இந்த வெட்டில் மிகுதியாக அடிபடுவது இயற்கணிதம். பெருமதிப்பு, சிறுமதிப்பு கேட்கும் வினாக்களில் மாறிகள் எல்லாவற்றையும் சமமாக வைத்துப் பார்ப்பது பயிற்சி வகுப்பில் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும் தந்திரம். மூன்று மிகை எண்களின் பெருக்குத்தொகை 1 எனில் அவற்றின் கூட்டுத்தொகையின் சிறுமதிப்பு என்ன? மூன்றையும் 1 என்று வைத்தால் 3. விடை சரி. கூட்டுச் சராசரி ஒருபோதும் பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பதை உணர்ந்து எழுதிய மாணவருக்கும், உணராமல் 1, 1, 1 என்று போட்டவருக்கும் அதே மதிப்பெண்.

தந்திரம் எப்போதும் பலிப்பதில்லை. க, ச, ப என்னும் குறையல்லாத மூன்று எண்களின் கூட்டுத்தொகை 3 என்று கொள்க. க²ச + ச²ப + ப²க என்ற கோவையின் பெருமதிப்பு என்ன? மூன்றையும் 1 என்று வைத்தால் 3 கிடைக்கிறது. ஆனால் க = 2, ச = 1, ப = 0 என்று வைத்தால் 4 கிடைக்கிறது. சரி, 4ஐத் தாண்டவே முடியாது என்பதற்கு என்ன உறுதி? கோவை சுழற்சியில் மாறாதது. ஆகவே மூன்றில் நடுமதிப்பு உள்ளதை ச என்று பெயரிடுவதில் இழப்பில்லை. இப்போது ச(க + ப)² என்பதிலிருந்து அந்தக் கோவையைக் கழித்தால் எஞ்சுவது இரண்டு உறுப்புகள்: மூன்று எண்களின் பெருக்குத்தொகை ஒன்று, ப(க − ச)(ச − ப) மற்றொன்று. ச நடுவில் இருப்பதால் இரண்டுமே குறையெண் ஆகா. எனவே கோவை ச(க + ப)² என்பதை மீறாது. ச-வும் (க + ப)-வும் சேர்ந்து 3 ஆவதால் அது 4ஐ மீறாது. முழு நிரூபணமும் ஐந்தாறு வரிதான். ஆனால் அந்த வரிகளில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: நடுமதிப்பைப் பிடித்துக்கொள்வது. இயற்கணிதம் என்பது அந்த முடிவு. ஓ.எம்.ஆர். தாள் கேட்பதோ 04 என்ற இரண்டு வட்டங்களை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 4 என்று ஊகித்தவரும் அவற்றைக் கறுப்பாக்கிவிடலாம்.

ஊகத்துக்கும் அறிவுக்கும் உள்ள இந்த இடைவெளியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நிகழ்ச்சி காட்டிவிட்டது. 1914 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். அந்த வீட்டின் எண் யாது? கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் சில நிமிடங்களில் முயன்று பார்த்தே விடையைக் கண்டுவிட்டார். அதை ராமானுஜனிடம் வாசித்துக் காட்டியபோது அவர் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதன் முதல் உறுப்பு புதிருக்கு விடை. அடுத்தடுத்த உறுப்புகள், வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாவிட்டால் வரக்கூடிய எல்லா விடைகளும்.

விடை 204. தெருவில் 288 வீடுகள். தகுதித் தேர்வில் இது வினாவானால் 204 வட்டத்துக்குள் அடங்காது. மீதியைக் கேட்டு 04 என்று கறுப்பாக்கச் செய்வார்கள். மகலனோபிஸுக்கும் 5 மதிப்பெண், ராமானுஜனுக்கும் 5 மதிப்பெண். (மகலனோபிஸைக் குறைத்துச் சொல்வதல்ல இது. இருவரும் செய்தது ஒன்றல்ல என்பதை மதித்து, அந்தக் கதையைச் சொன்னவர் அவரே.)

இதே புதிரின் பின்னால் இருக்கும் இயற்கணிதத்துக்குப் பள்ளிப் படிப்பே போதும். மொத்த வீடுகளின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கினால், விடை எண்ணின் வர்க்கத்தைப் போல் இருமடங்கு வர வேண்டும். சற்றே மாற்றி எழுதினால், ஒரு வர்க்கத்திலிருந்து மற்றொரு வர்க்கத்தின் இருமடங்கைக் கழிக்க 1 எஞ்ச வேண்டும் என்ற சமன்பாடாகிறது. 8 வீடுகள் உள்ள சிறு தெருவில் 6ஆம் வீடு இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது: ஒருபுறம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, மறுபுறம் 7, 8 கூட்டினால் 15. சமன்பாட்டில் இது 17, 12 என்ற இணை: 289 − 288 = 1. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தில் தந்த பாவனை விதி, ஒரு தீர்வை மற்றொரு தீர்வோடு சேர்த்துப் புதிய தீர்வை உண்டாக்குகிறது. 17, 12 என்ற இணையை அதனோடே சேர்த்தால் 17² + 2 × 12² = 577, 2 × 17 × 12 = 408. அதாவது 288 வீடுகள், 204ஆம் எண். எட்டு வீட்டுத் தெருவிலிருந்து ஒரே தாவலில் விடை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுதும் கொஞ்சம் தாளும் வேண்டும். 6 நிமிடம் போதாது.

அமைப்பின் காவலர்கள் முதலில் சொல்லும் பதில், இது வெறும் தகுதிச் சுற்றுதானே என்பது. அடுத்து வரும் மண்டல ஒலிம்பியாட்டிலும் தேசிய ஒலிம்பியாட்டிலும் மாணவர்கள் முழு நிரூபணம் எழுதத்தான் வேண்டும். உண்மை. ஆனால் முதல் சுற்றை எழுதும் பெரும்பான்மையோர் இரண்டாம் சுற்றைக் காண்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை கணிதப் போட்டி என்பதே அந்த வட்டங்கள்தாம். பள்ளியிலாவது நிரூபணம் கிடைக்குமா என்றால் அங்கும் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்றது. அதை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நூல்கள் ‘கணிதத்தில் நிரூபணங்கள்’ என்ற பகுதியைப் பின்னிணைப்பில் வைத்தன. பின்னிணைப்பை வகுப்பில் நடத்துவோர் எத்தனை பேர் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். பள்ளி கைவிட்டதைப் போட்டி எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் ஒலிம்பியாட் இயக்கம் வளர்ந்தது. போட்டியும் அதை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவைத்தால், குழந்தை முதன்முதலாக நிரூபணம் எழுதுவது கல்லூரியில் மெய்ப் பகுப்பாய்வு வகுப்பில்தான். அங்கே அவர்கள் திணறுவதைக் கண்டு வியக்கும் பேராசிரியர்கள் சிலர் இந்தத் தகுதித் தேர்வுக்கு வினா அமைப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பதில் பதக்கங்கள். 2024இல் பாத் நகரில் நடந்த சர்வதேச ஒலிம்பியாட்டில் இந்தியா 4 தங்கம் வென்று நான்காம் இடம் பெற்றது. பாராட்டத்தக்க வெற்றி, ஐயமில்லை. அது ஆறு மாணவர்களின் வெற்றி. ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு சல்லடை பயன்பட்டது என்பதால், சல்லடைக்குக் கீழே விழுந்த தானியம் எல்லாம் பதர் ஆகிவிடாது.

நிரூபணம் எழுதச் சொன்னாலே நோய் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்தியா முதன்முதலாகப் பங்கேற்றதற்கு முந்தைய ஆண்டு, 1988இல் கான்பராவில் கேட்கப்பட்ட ஆறாவது கணக்கு புகழ்பெற்றது. இரண்டு மிகை முழு எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, அவற்றின் பெருக்குத்தொகையோடு 1 சேர்த்ததால் மீதியின்றி வகுபட்டால், ஈவு ஒரு முழு வர்க்கம் என்று நிறுவ வேண்டும். முழுமையாக நிறுவியவர்கள் 11 பேர். திறவுகோல் பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்வது: இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் கூட்டுத்தொகை, பெருக்குத்தொகை. ஈவை நிலையாக வைத்து, பெரிய எண்ணை ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலமாகக் கருதினால், மற்றொரு மூலமும் முழு எண், முந்தையதைவிடச் சிறியது. இப்படி இறங்கிக்கொண்டே போனால் பூச்சியத்தை அடைந்தே தீர வேண்டும். அங்கே ஈவு எஞ்சிய எண்ணின் வர்க்கமாக நிற்கும். அந்த 11 பேருக்கு இது கண்டுபிடிப்பு. இன்று இதற்கு ‘வியட்டா தாவல்’ என்று பெயரிட்டு, எப்போது பயன்படுத்துவது என்ற குறிப்போடு கையேடுகளில் ஓர் அத்தியாயமாக விற்கிறார்கள். நிரூபணமும் வாய்பாடாகலாம். ஆனால் எழுதப்பட்ட தாளில் வாய்பாட்டை வாய்பாடு என்று அடையாளம் காணத் திருத்துபவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கறுப்பு வட்டத்தில் அதுவும் இல்லை.

கடைசி அரண், இத்தனை பேரின் விடைத்தாளை யார் திருத்துவது என்பது. இதே நாட்டில் சென்னை கணிதவியல் கழகம் தன் நுழைவுத் தேர்வில் இதைச் செய்துவருகிறது. முதல் பகுதியில் குறுவிடை வினாக்கள், இரண்டாம் பகுதியில் நிரூபண வினாக்கள். முதல் பகுதியில் குறித்த மதிப்பெண்ணைத் தாண்டியவர்களின் இரண்டாம் பகுதி மட்டுமே திருத்தப்படுகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இளநிலை நுழைவுத் தேர்வில் எழுத்து வினாக்களை விட்டுவிடவில்லை. ஹங்கேரியில் 1894இல் தொடங்கிய எட்வெஷ் போட்டியில் 4 மணி நேரத்துக்கு 3 கணக்குகள்தாம். புத்தகங்களைத் திறந்து பார்க்கவும் அனுமதி உண்டு. புத்தகத்தைத் திறந்தாலும் விடை கிடைக்காத கணக்கை அமைப்பது வினா அமைப்பவரின் பொறுப்பு என்று அவர்கள் கருதினார்கள். அந்தப் போட்டியில் வென்றவர்களுள் கார்மானும் டெல்லரும் உண்டு.

பல மொழிகளில் எழுதினால் திருத்த இயலாது என்பதும் நிற்காது. சர்வதேச ஒலிம்பியாட்டிலேயே மாணவர்கள் தத்தம் மொழியில் வினாத்தாள் பெற்று, தத்தம் மொழியில் எழுதுகிறார்கள். நூறு நாடுகளுக்கு மேல் செய்வதை ஒரு நாடு தன் மண்டலங்களுக்குள் செய்ய முடியாதா?

வட்டத் தேர்வு எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்ற வாதம்தான் இவற்றுள் மிகவும் பொய்யானது. 6 நிமிடத்தில் ஒரு கணக்கை முடிப்பதற்கு வேண்டியது முன்பே பார்த்த வகைகளின் கையிருப்பு. அந்தக் கையிருப்பு கட்டணத்துக்குக் கிடைக்கிறது. பயிற்சி மையமே இல்லாத ஊரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளையிடம் இருப்பது, ஒரே கணக்கை மூன்று நாள் மனத்தில் சுமந்து திரியும் பொறுமை. முயன்று பார்த்துப் பாதி வழி வந்து, சமமாக வைத்தால் 3 வருகிறது, ஆனால் 2, 1, 0 என்று வைத்தால் 4 வருகிறதே, எது சரி என்று தேர்வறையில் தயங்கி நிற்கும் நேரத்தில் அடுத்த ஐந்து வினாக்கள் போய்விடுகின்றன. அந்தத் தயக்கத்தைப் படிக்க அங்கே ஒருவரும் இல்லை. முப்பது வினாக்களை இருபதாகக் குறைத்து, எஞ்சும் நேரத்தில் இரண்டு நிரூபண வினாக்களைச் சேர்த்து, முதல் பகுதியின் வரம்பைத் தாண்டியோரின் தாள்களை மண்டலந்தோறும் உள்ள கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் திருத்துவது அடுத்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை. பாதி வழி வந்த நிரூபணத்துக்குப் பாதி மதிப்பெண் உண்டு என்பதை வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம்.