கைகாட்டியும் மைக்ரோகன்ட்ரோலரும்

கொடைரோடு நிலையத்தில் இறங்குவோர் கண்ணில் முதலில் படுவது பழனி மலைத் தொடர். உதகைக்கு 1908-இல் ரயில் ஏறிவிட்டது. நம் கொடைக்கானலுக்கோ இன்றுவரை ஏறவில்லை. மேசை மேலாவது ஏற்றிவிடுவோமே என்ற ஆசையில் நானும் நண்பர்கள் மூவரும் இயற்பியல் துறைக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி ரயில் பாதை அமைக்கத் தொடங்கினோம். மலையேற்றம் கைகூடவில்லை, அடிவாரத்து நிலையம் ஒன்றுதான் உருவாயிற்று.

ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், இரண்டையும் பிரிக்கும் ஒரு பாயிண்ட். பாயிண்டை நகர்த்த ஒரு சிறு சர்வோ மோட்டார். வண்டி வருவதை அறிய அகச்சிவப்புக் கதிர் உணரிகள். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். இவற்றையெல்லாம் ஆள்வது ஆர்டுயினோ பலகையிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர். பொத்தானை அழுத்தினால் பாயிண்ட் நகரும், பச்சை எரியும், வண்டி ஓடும். எல்லோரும் கைதட்டினர்.

மறுநாள் ஒத்திகையில் சர்வோவின் கைத்திருகு தளர்ந்திருந்தது. மோட்டார் சுழன்றது, பாயிண்ட் அசையவில்லை. ஆனால் பச்சை எரிந்தது! மெயின் லைனில் போக வேண்டிய எஞ்சின் லூப் லைனில் நுழைந்து, அங்கே நின்ற பெட்டிகளை முட்டித் தள்ளியது. எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனுக்கான பச்சை கிடைத்தது; பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் இணைப்புகளை மாற்றியமைத்தபோது நேர்ந்த பிழைகளே காரணம் என்றது விசாரணை. 2024 அக்டோபர் 11 அன்று நம் கவரைப்பேட்டையிலும், மெயின் லைனுக்குப் பச்சை பெற்ற பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து சரக்கு வண்டியில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லாதது நம் நற்பேறு.

எங்கள் புரோகிராமின் குற்றம் என்ன? 'பாயிண்டை நகர்த்து' என்று கட்டளையிட்டதையே, 'பாயிண்ட் நகர்ந்துவிட்டது' என்று அது எடுத்துக்கொண்டது. இப்போது பாயிண்டின் நாக்கருகே ஒரு சிறு சுவிட்சு வைத்திருக்கிறோம். நாக்கு முழுதும் சென்று அதை அழுத்தினாலன்றிப் பச்சை எரியாது.

உணரியிலும் இதே பிழை இருந்தது. அதன் கம்பி கழன்றால் 'வண்டி இல்லை' என்றே மைக்ரோகன்ட்ரோலர் கருதியது. 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்று இதற்கு நேர்மாறானது. தண்டவாளத்தின் வழியே ஓயாமல் மின்சாரம் பாய்ந்து ஒரு ரிலேயைத் தாங்கி நிற்கும். வண்டியின் அச்சு குறுக்கே வந்தாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். மின்சாரம் நின்றாலும் விழும். எப்படி விழுந்தாலும் சிவப்புதான். நம் தாத்தாக்கள் பார்த்த கைகாட்டி மரமும் அப்படியே. இழுக்கும் கம்பி அறுந்தால், எடைக்கட்டியின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். எழுத்தறியாத இரும்புக்கு இருந்த இந்த விவேகம், நாங்கள் எழுதிய புரோகிராமுக்கு இல்லை! உணரியின் இணைப்பை மாற்றினோம். இனிக் கம்பி கழன்றால் 'வண்டி நிற்கிறது' என்று பொருள்.

விளையாட்டு ரயிலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் செய்முறைத் தேர்வுகளிலும் கண்காட்சிகளிலும் கருவி ஓடினால் மதிப்பெண் உண்டு. அது கெடும்போது எப்படிக் கெடுகிறது என்று கேட்பாரில்லை. ஆசிரியப் பெருமக்கள் அதற்கென்று ஒரு பத்து மதிப்பெண் ஒதுக்கலாகாதா? கெடும் விதத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதுதானே சிக்னல் துறையின் பாதி வேலை! ரயில்வேயின் மின்னணு இன்டர்லாக்கிங்கில், மூன்று கணிப்பொறிகள் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டாவது ஒத்துப்போனால்தான் சிக்னல் தரும் ஏற்பாடும் உண்டு.

அடுத்த கண்காட்சியில் எங்கள் மேசைமுன் ஓர் அட்டை வைக்க எண்ணியிருக்கிறோம்: "எந்தக் கம்பியை வேண்டுமானாலும் பிடுங்கிப் பாருங்கள்." முதல் கம்பியைப் பிடுங்க எங்கள் துறைத்தலைவரை அழைத்திருக்கிறோம்.