பொறுப்பான பிள்ளை

2003இல் வந்த 'அப்டவுன் கேர்ள்ஸ்' படத்தில் பிள்ளை பார்க்க வருபவள் விளையாட்டுப் புத்திக்காரி. எட்டு வயதுப் பிள்ளையோ கிழவி போலக் கண்டிப்பு. பார்த்தால் சிரிப்பு வரும்.

எஹலியகொடவில் அந்தப் பிள்ளையை வகுப்பறையிலேயே காண்கிறோம். உம்மா வெளிநாட்டில் யாரோ பெற்ற பிள்ளையைப் பார்க்கிறார். இங்கே மூத்த மகள் தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பிந்தி வருகிறாள். "பொறுப்பான பிள்ளை" என்று ஊர் மெச்சுகிறது.

மூதூர் ரிசானா நபீக்கும் குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர்தான். 2005இல், 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி சவூதிக்கு அனுப்பினார்கள். அவர் பார்த்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தி, 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

குழந்தையிடம் குழந்தையைக் கொடுக்கக் கூடாது, அங்கும் இங்கும். உம்மா இல்லாத வீட்டில் மாமியோ சாச்சியோ பக்கத்து வீட்டாரோ அந்த வேலையை ஏற்கட்டும். பின்னேரத்தில் அந்தப் பிள்ளை விளையாடட்டும்.